க்ளஸ்டர்எஃப்எஸ்: சின்ன ஃபைல் எழுத ஏன் இழுக்கிறது?

க்ளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS) என்பது பல சர்வர்களின் வட்டுகளை ஒரே ஃபைல்சிஸ்டமாகக் காட்டும் மென்பொருள். 10 ஜிகாபிட் லைன் இருக்கே, 4 கேபி ஃபைல் எழுத ஏன் இவ்வளவு நேரம் என்றால், லைனில் குறை இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் லுக்கப் (பெயர் இருக்கிறதா என்று தேடுவது), கிரியேட், ரைட், ஃப்ளஷ் என்று சர்வருக்குப் போய்வர வேண்டும். ரெப்ளிக்கா 3 (ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று பிரதி) என்றால் பூட்டுவதும் திறப்பதும் வேறு. சுற்றுக்கு 0.5 மில்லிசெகண்ட், 6 சுற்று என்று வையுங்கள்: 3 மில்லிசெகண்ட். ஒரே த்ரெட்டில் செகண்டுக்கு 333 ஃபைலைத் தாண்டாது. ரைட்-பிஹைண்ட் விண்டோவை (எழுதுவதைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும் பஃபர்) 1 எம்பியிலிருந்து 4 எம்பி ஆக்குவதால் இங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை.

வேலை ஓடும்போதே வால்யூம் ப்ரொஃபைல் (எந்தச் செயல் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற கணக்கு) எடுங்கள். லுக்கப் எண்ணிக்கை கிரியேட்டைவிடப் பல மடங்கு என்றால் மெட்டாடேட்டா-கேஷ் குரூப்பை (ஃபைல் விவரங்களை க்ளையன்ட்டிலேயே நினைவில் வைக்கும் செட்டிங் தொகுப்பு) போடுங்கள். அந்த கேஷின் டைம்அவுட் 600 செகண்ட் ஆகும். புது ஃபைலே அதிகம் என்றால் என்எல்-கேஷும் வேண்டும், 'இந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்ற பதிலை அது நினைவில் வைக்கும். முடிந்ததும் ப்ரொஃபைலை நிறுத்துங்கள்.

———

அப்ளிகேஷன் எப்படி எழுதுகிறது என்றும் பாருங்கள். டெம்ப் பெயரில் எழுதிவிட்டு ரீநேம் செய்கிறதா? ஃபைல் எந்தப் பிரிக்கில் (சர்வரில் டேட்டா கிடக்கும் வட்டுப் பகுதி) உட்கார வேண்டும் என்பதைப் பெயரின் ஹாஷ்தான் (பெயரிலிருந்து கணக்கிடும் எண்) முடிவு செய்கிறது. பெயர் மாறினால் டேட்டா பழைய பிரிக்கிலேயே கிடக்கும், புது இடத்தில் ஒரு லிங்க் ஃபைல் முளைக்கும். பிரிக்குக்குள் போய் எல்எஸ் அடித்தால் 0 பைட், பர்மிஷன் கடைசியில் பெரிய 'டி': அதுதான். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங் (rsync) கருவியின் டெம்ப் பெயரை க்ளஸ்டரே புரிந்துகொள்ளும். மற்றவற்றுக்கு எக்ஸ்ட்ரா-ஹாஷ்-ரெஜெக்ஸ் (பெயரில் எந்தப் பகுதியை ஹாஷுக்கு எடுப்பது என்று சொல்லும் செட்டிங்) எழுதியாக வேண்டும்.

டைரக்டரி இன்னும் மோசம். 12 பிரிக் இருந்தால் ஒரு எம்கேடிர் (டைரக்டரி உருவாக்குவது) 12 இடத்திலும் நடக்கும். ஃபைலுக்கு ஒரு ஃபோல்டர் என்று டிசைன் செய்தவரைத்தான் முதலில் பிடிக்கணும்.

———

ப்ரொஃபைலில் எஃப்சிங்க் (எழுதியது வட்டில் பதியும்வரை காத்திருப்பது) சராசரி பல மில்லிசெகண்ட் காட்டினால் மேலே சொன்ன எதுவும் உதவாது, வட்டைப் பாருங்கள். பவர்-லாஸ் ப்ரொடெக்‌ஷன் இல்லாத எஸ்எஸ்டி, விளம்பரத்தில் பறக்கும், எஃப்சிங்க்கில் தவழும். ரெய்டு கார்டு பேட்டரி செத்தாலும் இதே கதைதான், சத்தமில்லாமல் ரைட்-த்ரூவுக்கு (கேஷில் வைக்காமல் நேரே வட்டில் எழுதும் முறை) போய்விடும். வட்டின் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ (fio) கருவியில் 4 கேபி பிளாக், க்யூ டெப்த் 1, ஒவ்வொரு ரைட்டுக்கும் எஃப்டேட்டாசிங்க் வைத்து, மவுன்ட்டில் அல்ல, பிரிக்கிலேயே ஓட்டுங்கள்.

வட்டு சரி, ஆர்சிங்கில்தான் ஃபைல்களை ஏற்றுகிறீர்கள் என்றால் ஒரே ஆர்சிங்கை 8 ஆகப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு டைரக்டரி கொடுக்கணும். ஒன்றிலேயே எல்லாம் கிரியேட் செய்தால் பிரிக்கின் கெர்னல் அந்த டைரக்டரியைப் பூட்டிப் பூட்டி வரிசையில் நிறுத்திவிடும்.