முன்பக்க டைப்-சி கேபிளைச் செருக மதர்போர்டில் இடமில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. முதல்முறையாக நானே ஒரு கணினியை அசெம்பிள் செய்கிறேன். கேபினெட்டின் முன்பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி 3.0 போர்ட்டும் ஒரு டைப்-சி போர்ட்டும் இருக்கின்றன. 3.0 போர்ட்டுகளுக்கான தடித்த 19 பின் கேபிள் மதர்போர்டில் சரியாக உட்கார்ந்துவிட்டது. கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது; பின் வளைந்துவிடுமோ என்று நெஞ்சு படபடத்தது.

சிக்கல் டைப்-சி கேபிளில்தான். அதன் முனை சின்னதாக, தட்டையாக, உலோக உறையோடு இருக்கிறது. அதற்கான டைப்-இ சாக்கெட் என் போர்டில் இல்லவே இல்லை. மிச்சமிருப்பவை 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெட்டர்கள் (கேபிள் செருகும் பின் வரிசைகள்) மட்டும்.

அவற்றில் அடாப்டர் போட்டால் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட்டில் நின்றுவிடும். வெளி எஸ்எஸ்டியில் வீடியோ கோப்புகளை எடுத்து வைப்பவனுக்கு அது போதாது. 19 பின் ஹெட்டரை அடாப்டர் போட்டு டைப்-சிக்கு மாற்றினால் மற்ற இரண்டு போர்ட்டும் வீணாகும், அதற்கு மனசு வரவில்லை.

சரி, டைப்-இ சாக்கெட் உள்ள பிசிஐஇ கார்டு (மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் கூடுதல் அட்டை) வாங்கலாமா? என்னிடம் காலியாக இருப்பது ஒரு எக்ஸ்1 ஸ்லாட் (மிகச் சிறியது), பிசிஐஇ 3.0. அதில் 5 ஜிகாபிட் வேகமாவது நிலையாகக் கிடைக்குமா? கார்டுக்குத் தனியாக பவர் சப்ளையிலிருந்து சாட்டா பவர் கேபிள் கொடுக்க வேண்டுமா? இப்படிப் பொருத்திப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.