லோரா நோட்: இடம் மாறினதா, வேறொண்டு அதின்ர பேரில அனுப்புதா?

துருசடி:
முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குளத்தில நீர்மட்டம் அளக்கிற லோரா நோட் (குறைஞ்ச பவரில கனதூரம் அனுப்புற ரேடியோப் பெட்டி). எஸ்எக்ஸ்1276 ரேடியோ சிப், 433 மெகாஹேர்ட்ஸ். 10 நிமிசத்துக்கு ஒருக்கா ஐடியும் அளவும் மட்டும் அனுப்பும். ரிசீவர் மூண்டு. மழை தொடங்கினாப் பிறகு நெல் களஞ்சியக் கூரையில −96 ஆக இருந்த ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேருற சிக்னலின்ர பலம்) இப்ப −105. ஆரும் பெட்டியைக் கழட்டி வேற இடத்தில வைச்சிட்டினமோ, இல்லாட்டி அதே ஐடியில வேறொண்டு அனுப்புதோ? எப்பிடிப் பிரிச்சு அறியிறது?

வாய்க்கால்முனை:
ரெண்டும் வேற வேற வருத்தம், ஒரே மருந்து கேக்காது. ஆள்மாறாட்டத்துக்கு ஆர்எஸ்எஸ்ஐயோட மினக்கெடாதேங்கோ. ஐடி மட்டும் எண்டா, பக்கத்தில நிண்டு கேக்கிற எவனும் அதைத் திருப்பி அனுப்பலாம். பொதியில (ஒருக்கா அனுப்புற தரவு) 4 பைட் எண்ணி ஒண்டு (பொதிக்குப் பொதி கூடுற எண்), ஏஇஎஸ்-128 ரகசியச் சாவியால போட்ட சிஎம்ஏசி முத்திரையில (சாவி உள்ளவன் மட்டும் போடக்கூடிய அடையாளம்) 4 பைட் சேருங்கோ. கடைசியா ஏற்ற எண்ணைவிடக் கூடாட்டி ரிசீவர் எறியவேணும். எல்லா நோட்டுக்கும் ஒரே சாவி போடுறதுதான் வழமையான பிழை; ஒரு பெட்டி களவு போனா எல்லாம் போச்சு. மற்றது, பற்றரி கழண்டு மாட்டினா எண்ணி 0க்குப் போய், சொந்த நோட்டையே ரிசீவர் தள்ளிவிடும். எண்ணியை ஒவ்வொரு முறையும் சேமிச்சு எழுதினா ஃபிளாஷ் மெமரி தேயும். 100 பொதிக்கு ஒருக்கா எழுதி, திரும்ப எழும்பேக்க அதோட 100 கூட்டித் தொடங்குங்கோ.

பனைமட்டை:
பெட்டியையே தூக்கினா சாவியும் கூடப் போகும், முத்திரை சரியாத்தான் வரும். அங்கதான் ஆர்எஸ்எஸ்ஐ உதவும். ஒரு ரிசீவரை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. மூண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசத்தைப் பாருங்கோ. நோட்டின்ர பவர் குறைஞ்சா மூண்டும் ஒரே அளவு இறங்கும், வித்தியாசம் அப்பிடியே நிக்கும். இடம் மாறினா உடையும். ஒரு கிழமை பதிஞ்சு அந்த வித்தியாசங்களின்ர நடு எண் (வரிசைப்படுத்தினா நடுவில வாறது) எடுங்கோ; 20 பொதியின்ர நடு எண் அதிலயிருந்து 6 டெசிபெல் விலகி நிண்டா நேரில போய்ப் பாருங்கோ. ஒரு ரிசீவர் மட்டும் குழம்பினா, அதில மற்ற நோட்டுகளும் குறைஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. குறைஞ்சிருந்தா அந்தக் கேபிளுக்க தண்ணி.

குளக்கட்டிலயே 30 மீற்றர் தள்ளி வைச்சா இது அநேகமாப் பிடிக்காது. பெட்டிக்குள்ள ஏடிஎக்ஸ்எல்345 (அசைவை அறியிற சிப்) போட்டு, அசைஞ்ச உடன பொதி அனுப்பவைக்கவேணும். மாடு முதுகு தேய்ச்சாலும் அனுப்பும், பொறுக்கத்தான் வேணும்.

வாய்க்கால்முனை:
சாவி போடும் வரைக்கும் அலைவரிசைப் பிழையையும் (நோட்டின்ர அலைவரிசை ரிசீவரின்ரயில இருந்து எவ்வளவு விலகுது எண்டு) பதியுங்கோ: ரிசீவர் சிப்பில ரெஜிஸ்டர் ஹெக்ஸ் 28 முதல் 2ஏ வரை. ஆர்டுயினோ லோரா லைப்ரரியில அதுக்கெண்டே ஃபங்ஷன் இருக்கு. அலைவரிசையைத் தீர்மானிக்கிற கிறிஸ்டல் போர்டுக்குப் போர்டு வேற. 433இல 10 பிபிஎம் (பத்து லட்சத்தில 10 பங்கு) எண்டா 4.3 கிலோஹேர்ட்ஸ். வெயிலில எண் ஓடும், அதால விடியப்புறம் 4-5 மணிப் பொதிகளை மட்டும் ஒப்பிடுங்கோ. வேணுமெண்டு அலைவரிசையைத் திருத்துறவன் இதில அகப்படான்.

துருசடி:
மூண்டும் பாத்தன். முந்தி −96, −103, −111. இப்ப −105, −113, −119.

பனைமட்டை:
இறக்கம் 9, 10, 8 டெசிபெல், மூண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்ப நோட்டின்ர பவர்தான் குறைஞ்சிருக்கு; பெட்டி அநேகமா நிண்ட இடத்திலதான் நிக்குது. நோட்டின்ர அன்ரெனா மூட்டைக் கழட்டிப் பாருங்கோ, உள்ளுக்குப் பச்சை பிடிச்சிருந்தா மாத்தி, தானா ஒட்டுற ரப்பர் ரேப் சுத்துங்கோ.