ஒரே சப்வூஃபர், 9 டெசிபல் வித்தியாசம்: உங்களுக்கும் நடந்ததா?

போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த ஒரு சப்வூஃபர் மாடலை, அதாவது அடிமட்ட பேஸுக்கான ஸ்பீக்கரை, வாங்கிவிடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்திருந்தேன். ஒரு ரிவ்யூவில் 25 ஹெர்ட்ஸில் 112 டெசிபல். இன்னொருவர் அதே பெட்டியை அளந்து 103 என்கிறார். இரண்டுமே சப்வூஃபர் எவ்வளவு சத்தம் தரும் என்று அளக்கும் சிஇஏ-2010 என்ற தர முறைதானாம். 9 டெசிபல் சின்ன விஷயமில்லை, ஆம்ப்ளிஃபயர் சக்தியில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. யாரோ ஒருவர் கதை விடுகிறார் என்றுதான் தோன்றும்.

விஷயம் வரைபடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. முதலாமவர் கொடுத்தது 1 மீட்டர் தூரத்தில், பீக் (ஒலி அலையின் உச்ச அளவு). அடுத்தவர் 2 மீட்டரில், ஆர்எம்எஸ் (அலையின் ஒருவகைச் சராசரி). தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், பீக்கை ஆர்எம்எஸ்ஸாக மாற்றினால் இன்னொரு 3. கூட்டினால் 9. ஆக, இருவருக்கும் கிடைத்தது ஒரே விடைதான்.

போட்டியில் இருந்த மூடிய பெட்டி மாடலில்தான் நிஜமான சிக்கல். அலகைச் சமப்படுத்திய பிறகு 40 ஹெர்ட்ஸுக்கு மேலே எண்கள் ஒத்துப்போயின, 20 ஹெர்ட்ஸில் மட்டும் ஆளுக்கொரு பக்கம் போயின. ஒருவர் திறந்தவெளியில் தரையில் வைத்து அளந்திருக்கிறார், மற்றவர் தன் அறையில். மூடிய சிறிய அறை அடிமட்ட பேஸைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். அவருடைய அறையையும் சேர்த்தா நான் வாங்கப்போகிறேன்?

இன்னொன்றும் உண்டு. சிஇஏ-2010 சோதனையில் போவது ஆறரைச் சுற்று மட்டுமே நீளும் குட்டி ஒலித்துடிப்பு. படத்தில் நீண்டு உறுமும் காட்சியைப் பெட்டி தாங்குமா என்று அது சொல்லாது. வால்யூமைப் படிப்படியாக ஏற்றி எடுத்த ஸ்வீப் (எல்லா அதிர்வெண்களையும் வரிசையாக ஓட்டி அளப்பது) வரைபடங்களைப் பாருங்கள். சம இடைவெளியில் ஏறும் கோடுகள் 20 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று நெருங்கினால், பெட்டிக்கு அங்கே மூச்சு வாங்குகிறது.

கடைசியில் ஒரு யூமிக்-1 மைக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருளும் வைத்துப் பழைய சப்வூஃபரையே என் அறையில் அளந்தேன். அறை 5 மீட்டர் நீளம், சோபா நட்டநடுவில். 34 ஹெர்ட்ஸில் ஒலி அளவில் பெரிய பள்ளம்! ஒலியின் வேகமான 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவதும் அதே 34-தான். சோபாவைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளியதும் பள்ளம் பெருமளவு நிரம்பியது. நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ரிவ்யூ வித்தியாசத்தைவிட அந்தப் பள்ளம் ஆழம்.

அப்புறம் மூடிய பெட்டியையே எடுத்தேன். அதன் ஒலி கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் என்று மெதுவாகத்தான் சரியும், மிச்சத்தைச் சிறிய அறை பார்த்துக்கொள்கிறது.

பதில் 1
எனக்கு வேறு மாதிரி நடந்தது. தூரம், பீக் எல்லாம் சரி, ஆனாலும் எண்கள் இடித்தன. ஒருவர் போர்ட்டில் ஃபோம் அடைத்து அளந்திருந்தார், மற்றவர் திறந்தே விட்டு. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எந்த மோடில் அளந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

பதில் 2
உங்கள் முடிவு சிறிய அறைக்குச் சரி. என்னுடையது சமையலறையோடு சேர்ந்த திறந்த ஹால், அறையின் தூக்கல் என்று ஒன்றும் கிடைக்கவில்லை. திறந்தவெளி அளவை மட்டும் நம்பி, பெரிய போர்ட் பெட்டியாக எடுத்தேன். இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் இன்னும் முணுமுணுப்பு உண்டு.