மறைந்த ஆசையா, மறைத்த ஆசையா?

வேப்பம்பூ
உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புற காலத்தில 'ஆழ்மன ஆசையைக் கண்டுபிடி, வாழ்க்கை மாறும்' எண்டு வட்ஸ்அப்பில ஒலிப்பதிவுகள் சுத்தத் தொடங்கீடும். கண்டுபிடிக்கலாம் எண்டதுதான் என்ர கட்சியும். ஆனா கண்ணை மூடிக்கொண்டு 'எனக்கு என்ன வேணும்' எண்டு கேட்டு இல்லை, எழுதித்தான்.

ஒரு கொப்பி. தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிசம், ஒரே நேரத்தில. பேனை நிக்கக்கூடாது, எழுத்துப்பிழை பாக்கக்கூடாது. ஒண்டும் வராட்டி கடைசி வரியையே திருப்பி எழுதுங்கோ. நடந்ததையும் அப்ப மனம் என்ன பட்டது எண்டதையும் சேத்து எழுதவேணும். 1986இல பென்னிபேக்கர், பீல் எண்ட உளவியல் ஆய்வாளர் ரெண்டுபேரும் 46 மாணவரை வைச்சுச் செய்த ஆய்வும் இந்த அளவுதான். ரெண்டையும் சேத்து எழுதின ஆக்கள்தான் அதுக்குப் பிறகு வந்த மாதங்களில வைத்தியரிட்டப் போனது குறைவு. எழுதி முடிச்ச கையோட மனம் இன்னும் பாரமாய்த்தான் இருக்கும். அதுக்குப் பயந்து ரெண்டாம் நாளோட விட்டிடாதேங்கோ.

கணக்கன்
அந்த ஆய்வில எழுதினது பழைய மனக்காயத்தை. ஆசையைத் தேடி ஒருத்தரும் எழுதேல்லை. ரெண்டையும் போட்டுக் குழைக்கிறியள்.

மனிசருக்குத் தன்ர காரணம் தெரியாட்டியும், கேட்டால் ஒரு காரணம் சொல்லுவினம். நிஸ்பெட், வில்சன் எண்ட உளவியலாளர் ரெண்டுபேரும் 1977இல எழுதின கட்டுரையில காலுறைக் கதை இருக்கு. அச்சு அசல் ஒரே மாதிரியான 4 சோடி நைலோன் காலுறையை வரிசையாய் வைச்சு, எது நல்லது எண்டு கேட்டவை. வலக்கரைச் சோடியை 100க்கு 40 பேர் எடுத்தினம், இடக்கரையை 12 பேர்தான். ஏன் எடுத்தனீங்கள் எண்டால் தரம் நல்லம் எண்டினம். வைச்ச இடத்தைக் காரணமாய் ஒருத்தரும் சொல்லேல்லை. இப்பிடிப்பட்ட மனம் பேனை நிக்காம 15 நிமிசம் எழுதினா வாறது ஆசையோ, வடிவான கட்டுக்கதையோ? எப்பிடிப் பிரிப்பியள்?

வாயைக் கேக்காதேங்கோ, கணக்கைப் பாருங்கோ. ரெண்டு கிழமைக்கு ஒரு தாளில மூண்டு நிரல்: ஆரும் சொல்லாமலே நேரம் எங்க போச்சு, காசு எங்க போச்சு, ஆரைப் பாத்து வயிறு எரிஞ்சது. மூண்டாவதுதான் பொன். ஆனா அதிலதான் பிழையும் விடுறது. 'மச்சான் கனடாவில இருக்கிறான், பொறாமை' எண்டு எழுதினால் ஒரு பிரயோசனமும் இல்லை. 'வியாழன் பின்னேரம் 6.10, பேஸ்புக்கில ரொறொன்ரோ வீட்டு வாசல் படம், தொண்டை அடைச்சது' எண்டு எழுதுங்கோ. பிறகு படத்தில இருக்கிறதை ஒவ்வொண்டாய்க் கழியுங்கோ. அதே வீட்டைக் கொக்குவிலில தந்தால் எரிச்சல் போகுமோ? கார் இல்லாட்டி? பனி இல்லாட்டி? 'எங்க போறாய், எப்ப வருவாய்' எண்டு ஒருத்தரும் கேக்காத வாசல்தான் மிஞ்சுது எண்டால், வேண்டிக்கிடக்கிறது கனடா இல்லை. விசாவுக்குக் காசு கட்ட முதல் தெரியவேண்டிய விசயம் உது.

தேரடி
இருவரும் ஆசையைக் கண்டுபிடிப்பதிலேயே நிற்கிறீர்கள். கண்டபின் தீனி போடவேண்டும் என்று யார் சொன்னது? நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி இருந்ததும், அவருடைய சீடர் யோகர் சுவாமி 'சும்மா இரு' என்றதும் இந்த யாழ்ப்பாணத்தில்தான். சைவ சித்தாந்தம் ஆணவத்தை, உயிரின் அறிவை மறைக்கும் மலம், அதாவது அழுக்கு, என்கிறது. மறைப்பு இருக்கும்வரை கணக்கு எழுதுகிறவனும் மறைப்புக்குள்தான் நிற்கிறான். எரிச்சல் வந்தால் 10 நிமிடம் அதனோடு இருந்து பாருங்கள், பேர் வைக்கவேண்டாம். மூன்று நாளுக்கு அதை ஒட்டி எந்த முடிவும் எடுக்கவேண்டாம்.

கணக்கன்
ஐயா, மூண்டு நாள் பொறுக்கச் சொன்னதோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா இளசுகள் 'சும்மா இரு' எண்டதை 'நினையாதை' எண்டு எடுத்துக்கொள்ளுதுகள். வெக்னர் எண்ட உளவியலாளர் 1987இல வெள்ளைக்கரடியை நினைக்கவேண்டாம் எண்டு 5 நிமிசம் ஆக்களை இருத்திப் பாத்தவர். அவையளுக்குக் கரடி வந்துகொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் எண்டு விட்டதும், முதலிலயே நினைக்க விட்ட ஆக்களை விடக் கூடவாய் வந்தது.

தேரடி
பார்ப்பதும் அமுக்குவதும் ஒன்றல்ல. அதைத்தான் சொன்னேன்.

நிலாமுற்றம்
உளவளத்துணைப் பக்கத்தில இருந்து ஒண்டு சொல்லவேணும். தலைப்பு பிரிச்சுக் கேக்கிற ரெண்டு சாமானையும் நீங்கள் கலந்து வைச்சிருக்கிறியள். தனக்கே தெரியாதது மறைந்த ஆசை. தனக்கு வடிவாய்த் தெரிஞ்சும் வாய் திறக்க ஏலாதது மறைத்த ஆசை. இஞ்ச வாற ஆசையில பெரும்பங்கு ரெண்டாவது. உயிரியல் படிச்ச பிள்ளைக்கு மருத்துவபீடம் வேண்டாம், மருதனார்மடத்தில இராமநாதன் நுண்கலைப் பீடத்தில பாட்டுப் படிக்கத்தான் விருப்பம் எண்டு வையுங்கோ. அது ஆழ்மனத்தில கிடக்கேல்லை, நாக்கு நுனியில நிக்குது. அதுக்கு 4 நாள் எழுதினாலும் தெரிஞ்சதையேதான் திருப்பி எழுதுவாள். கூடிப்போனா ஒரே வரியில சுத்திச் சுத்திப் புழுங்கிறதுதான் மிச்சம்.

அவளுக்குத் தேவை சொல்லுற வழி. முதலில அப்பாவிட்ட இல்லை, அப்பா மதிக்கிற ஒராளிட்ட, மாமியோ சித்தப்பாவோ. வீட்டில விருந்தினர் நிக்கேக்க வாய் திறக்கக்கூடாது. பெறுபேறு வந்த அண்டும் வேண்டாம். 'எனக்கு மருத்துவம் பிடிக்கேல்லை' எண்டு தொடங்கினால் சண்டை, ஏனெண்டால் அது அவையின்ர 13 வருசச் செலவைத் தூக்கி எறியிற கதை. 'சனிக்கிழமை வகுப்புக்கு 6 கிழமை போகவிடுங்கோ, மாசச் செலவு இவ்வளவு' எண்டு தொகையோட கேட்டால், மறுக்கிறவைக்கும் பேச ஒரு இடம் இருக்கு.

போக முதலே ஒரு நிபந்தனையும் எழுதி வைக்கவேணும்: எத்தினை வகுப்புக்குக் கள்ளம் அடிச்சால் இது ஆசை இல்லை, பரீட்சைக் களைப்பு எண்டு ஒத்துக்கொள்ளுறது. பிறகு எழுதினால் மழையும் பஸ்ஸும் காரணமாய் வந்திடும். பேஸ்புக்கில போடவும் வேண்டாம். விருப்பக்குறி விழத் தொடங்கினால் பாட்டில ஆசையோ கைதட்டில ஆசையோ எண்டு பிரிக்கேலாது.

இன்னொண்டு, வேப்பம்பூ. கொப்பி எண்டு லேசாய்ச் சொல்லிப்போட்டியள். ரெண்டு அறை வீட்டில கொப்பிக்கு ஒளிப்பிடம் இல்லை. ஆரும் எடுத்து வாசிப்பினம் எண்ட பயத்தோட எழுதினால் நல்லபிள்ளைக் கட்டுரைதான் வரும். தனித்தாளில எழுதி அண்டைக்கே கிழிக்கச் சொல்லுங்கோ. எழுதேக்க நித்திரை குழம்பினால், சாகலாம் எண்ட நினைப்பு வந்தால், அந்த இடத்தில நிப்பாட்டவேணும். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு எடுங்கோ, இல்லாட்டி ஆசுபத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ.

வேப்பம்பூ
கிழிக்கிறதை ஏற்கிறன், நான் அதை யோசிக்கேல்லை. கணக்கன் அண்ணையின்ர காலுறையையும் விழுங்கிக்கொள்ளுறன்: எழுத்தில வந்ததை முடிவாய் எடுக்காமல் ஊகமாய் எடுத்து, 6 கிழமை செய்து பாக்கட்டும். ஆனா எழுத்தை விடமாட்டன். உங்கட மூண்டு நிரலில, காசும் நேரமும் வீட்டார் கையில இருக்கிற 19 வயசுப் பிள்ளைக்கு முதல் ரெண்டும் வெறுமையாய்த்தான் இருக்கும்.

கணக்கன்
உது நியாயமான கதை. அப்ப அந்த ரெண்டையும் வெட்டிப்போட்டு வேற ஒண்டைப் போடுங்கோ: 'இண்டைக்கு ஆருக்கு எதைச் சொல்லாமல் விட்டன்'. நிலாமுற்றம் சொன்ன ரெண்டாவது வகை எண்டால் ஒரு கிழமைக்குள்ள அதிலயே தெரிஞ்சிடும்.

நிலாமுற்றம்
அந்த நிரல் கட்டாயம் கிழிக்கிற தாளில.