புலிக்குளம் காளையை குளோனிங் செய்ய முடியுமா? கால்நடை மருத்துவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், நான் அலங்காநல்லூர் பக்கம். எங்கள் புலிக்குளம் காளைக்கு வயதாகிவிட்டது, இனி வாடிவாசலுக்கு அனுப்பப் போவதில்லை. இன்னமும் புது ஆள் தொழுவத்துக்குள் கால் வைத்தால் திமிலைச் சிலிர்த்துக்கொண்டு தரையைக் கிளறும், அது வேறு கதை. தம்பி என்னடாவென்றால் “காதுத் தோலைக் கொஞ்சம் எடுத்து குளோனிங் பண்ணிடலாம்ணே” என்று பிடிவாதமாக நிற்கிறான்.

கர்னால் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009-ல் எருமைக் கன்றும், 2023-ல் கிர் இனப் பசுங்கன்றும் இப்படிப் பிறந்தது தெரியும். கிர் கன்றுக்குக் கருமுட்டை சாஹிவால் இன மாட்டுடையது, சுமந்தது வேறொரு கலப்பின மாடு. அந்த முட்டையிலிருந்து மரபணு இருக்கும் உட்கருவை எடுத்துவிட்டுத்தான் கிர் செல்லைச் சேர்த்தார்கள், சரி. ஆனால் செல்லுக்கு ஆற்றல் தருகிற, தனக்கென்று கொஞ்சம் மரபணு வைத்திருக்கிற மைட்டோகாண்ட்ரியா முட்டையில் அப்படியே தங்குமே, அப்படியானால் ஜெர்சி முட்டையில் செய்தால் அந்தக் கன்று முழுப் புலிக்குளம்தானா? தோலாகவே இருந்து பழகிய செல்லை முட்டை எப்படி மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கிறது? குளோனிங்கில் பிறந்த டோலி ஆட்டுக்கு 277 முட்டைகளில் ஒன்றுதான் தேறியது. மீதி எந்தக் கட்டத்தில் போகின்றன, பிளாஸ்டோசிஸ்ட் (கருப்பையில் வைக்கத் தயாரான ஆரம்பக் கரு) ஆவதற்கு முன்பா, இல்லை கருப்பையில் வைத்த பிறகு நஞ்சுக்கொடிக் கோளாறாலா?

அப்புறம், தோல் செல்லை உறைய வைத்துப் பாதுகாக்க மதுரைப் பக்கம் வசதி உண்டா? அதெல்லாம் வேண்டாம், சினை ஊசிக்கு விந்து எடுத்து வைத்தாலே போதும் என்றாலும் காரணத்தோடு எழுதுங்கள், தம்பியிடம் காட்ட வேண்டும்.