புகைப்பவர்களுக்கு முன்சூல்வலிப்பு குறைவு என்பது உண்மையா, கணக்கின் மயக்கமா?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு இது ஆறாவது மாதம். சென்ற வாரப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் சற்று ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்தார்கள், போகவில்லை. அன்று இரவே அலுவலக நண்பர் ஒருவர், புகைபிடிக்கும் பெண்களுக்குக் கர்ப்பகால இரத்தக்கொதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றும், அது மருத்துவ ஆராய்ச்சியில் கண்ட முடிவு என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பிவைத்தார். என் மனைவி புகைப்பதில்லை. நான்தான் நாளுக்கு ஐந்தாறு சிகரெட், மொட்டை மாடியில். நண்பர் விளையாட்டாக அனுப்பியிருக்கலாம். ஆனால் செய்தி மனத்தில் தங்கிவிட்டது. அப்படி ஓர் ஆராய்ச்சி உண்மையிலேயே உண்டா?

நுண்ணோக்கி:

உண்டு. பொய் என்று ஒரே வரியில் தள்ளிவிட ஆசைதான், ஆனால் செய்தி பொய்யல்ல. பாதியில் நிறுத்தப்பட்ட உண்மை. மருத்துவர்கள் பிரீஎக்லாம்ப்சியா என்று சொல்லும் முன்சூல்வலிப்பு, பெரும்பாலும் இருபதாவது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போவதாகத் தலைகாட்டும் நோய். ஸ்வீடனின் பிறப்புப் பதிவேட்டைக் கொண்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், புகைக்காதவர்களோடு ஒப்பிடும்போது புகைப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு விகிதம் 0.63 (1 என்றால் இரு தரப்புக்கும் சமம்) என்று வந்தது. வேறு பல நாடுகளின் ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட நோயின் விகிதம் இறங்குவதையும் அவை காட்டுகின்றன.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ளப் புற்றுநோய் உயிரியலுக்குள் சற்று நுழைய வேண்டும். நஞ்சுக்கொடி வளர்வதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். புற்றுக்கட்டி வளர்வதற்கும் அவையே வேண்டும். இரண்டும் நம்பியிருப்பது விஇஜிஎஃப் என்ற ஒரே புரதத்தை. 2003-இல் பாஸ்டனில் அனந்த் கருமஞ்சியின் குழு (அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை ஒரு சின்னப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்) முன்சூல்வலிப்பு வந்தவர்களின் நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரப்பதைக் கண்டது. இந்தப் புரதம் இரத்தத்தில் மிதந்தபடியே விஇஜிஎஃபைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; குழாய்ச் சுவர்களுக்கு அது போய்ச் சேர விடாது. சினை எலிகளின் உடலில் இதை மிகைப்படுத்தியபோது, அவற்றுக்கும் அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது, சிறுநீரகத்தில் இந்நோய்க்கே உரிய மாற்றம் தெரிந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு பெவாசிசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்றது. கட்டிக்கு இரத்தம் போகாமல் தடுக்க அதே விஇஜிஎஃபை முடக்கும் மருந்து அது. அதன் பக்கவிளைவுகளில் முக்கியமானவை எவை என்று நினைக்கிறீர்கள்? உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும்தான். பிரசவ அறையில் நூறாண்டுகளாகப் புதிராக இருந்ததைப் புற்றுநோய் அறை நடத்திக் காட்டிவிட்டது.

இனி புகை. சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அந்த வாயுவும் அதை உடலுக்குள் உண்டாக்கும் ஒரு நொதியும் எஸ்எஃப்எல்டி-1 சுரப்பைக் குறைக்கின்றன என்பதை 2007-இல் செல்களிலும் நஞ்சுக்கொடித் துண்டுகளிலும் செய்த சோதனைகள் காட்டின. ஆகவே இந்தக் குறைவுக்கு உயிரியல் அடிப்படை உண்டு என்பதே என் நிலை. புகைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வழியில் தேடினால் ஒரு மருந்து கிடைக்கும் என்கிறேன்.

தரவுக்கணக்கர்:

நண்பர் நுண்ணோக்கியின் முதல் பாதியில் எனக்கு மறுப்பில்லை. எஸ்எஃப்எல்டி-1 பற்றிய கண்டுபிடிப்பு அசைக்க முடியாதது. அதிலிருந்து 0.63 என்ற எண்ணுக்குப் போட்டிருக்கும் பாலத்தைத்தான் நான் நம்பவில்லை.

தேர்வில் தோற்கக்கூடிய மாணவர்களை ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டுப் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பதாகை கட்டும் பள்ளிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே நடப்பதும் அதுவாக இருக்கலாம். முன்சூல்வலிப்பு பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் வருவது. புகைப்பவர்களிடையே கருச்சிதைவு கூடுதல், குறைமாதப் பிரசவம் கூடுதல், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடுவதும் கூடுதல். அதாவது, நோய் வரக்கூடிய பலவீனமான கர்ப்பங்களில் ஒரு பகுதி அந்த வாரங்களை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எட்டியவர்களை மட்டும் எண்ணினால் புகை காப்பாற்றியது போலத்தான் தெரியும்.

இது முதல் முறையும் அல்ல. எடை குறைந்து பிறந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், புகைத்த தாய்மார்களின் குழந்தைகள் குறைவாக இறக்கின்றன என்று கலிஃபோர்னியாவின் ஆய்வாளர் யெருஷால்மி காட்டினார். புகை உண்மையிலேயே கெடுதல்தானா என்ற ஐயத்தை 1971-இல் அதை வைத்தே எழுப்பினார். விளக்கம் எளிது. புகைக்காத தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறந்தால் அதன் காரணம் பிறவிக் கோளாறு போன்ற பெரிய ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். புகைத்த தாய்க்குப் புகையே காரணமாகப் போதும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் பிழை. 2006-இல் இதை முறையாக விளக்கி எழுதும் வரை, முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த முரண் பாடநூல்களில் உலவிக்கொண்டிருந்தது.

நுண்ணோக்கி:

பள்ளி உவமை அழகாக இருக்கிறது. ஆனால் அதே ஸ்வீடன் ஆய்வில் அது வழுக்கிவிடுகிறது. அங்கே சில பெண்கள் சிகரெட்டுக்குப் பதிலாக ஸ்னஸ் என்னும் புகையிலைத் தூளை உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் அடக்கிக்கொள்கிறார்கள். நிகோடின் உண்டு, புகை இல்லை. அவர்களையும் அந்த ஆய்வு தனியாக எண்ணியது. குறைமாதப் பிரசவத்தின் வாய்ப்பு ஸ்னஸ் வைத்தவர்களுக்கு 1.98, புகைத்தவர்களுக்கு 1.57. உங்கள் வாதப்படி, கர்ப்பம் சீக்கிரம் முடிந்துவிடுவதுதான் காரணம் என்றால், ஸ்னஸ் வைத்தவர்களிடம் முன்சூல்வலிப்பு இன்னும் குறைவாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது 1.58. குறையவில்லை, கூடியது. ஒன்பதாம் வகுப்பில் அதிகம் பேரை அனுப்பிய பள்ளியில் தேர்ச்சி ஏன் ஏறவில்லை?

2010-இல் அதே நாட்டில் வந்த மற்றோர் ஆய்வும், காரணம் நிகோடின் அல்ல, எரிவதில் உண்டாகும் பொருளே என்ற முடிவுக்கு வந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் புகைத்ததைவிட நடுவிலும் கடைசியிலும் புகைத்ததே கணக்கை மாற்றியது என்றும் அது சொன்னது.

தரவுக்கணக்கர்:

ஸ்னஸ் பற்றிய கேள்வி நியாயமானது. இந்த விவாதத்தில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த ஒரே வாதம் அதுதான். இருந்தாலும் அந்த ஆய்வில் ஸ்னஸ் வைத்தவர்கள் எண்ணூறு பேருக்கும் குறைவு, புகைத்தவர்கள் பதினோராயிரத்துக்கும் மேல் என்பதை மறக்க வேண்டாம்.

"கடைசியில் புகைத்ததே கணக்கை மாற்றியது" என்பதை நான் உங்களுக்கு எதிராகவே படிக்கிறேன். அழுத்தம் ஏறத் தொடங்கிய பெண்ணை மருத்துவர் அதட்டிப் புகையை விட வைப்பார். ஏறாதவர் தொடர்ந்து புகைப்பார். எட்டாவது மாதத்தில் யார் புகைக்கிறார்கள் என்று எண்ணினால், நோய் வராதவர்களே அதில் மிகுந்திருப்பார்கள். மருந்து பற்றிய உங்கள் நம்பிக்கைக்கும் சோதனை நடந்திருக்கிறது. நீங்கள் சொன்ன அதே நொதியைத் தூண்டும் என்று கருதப்பட்ட பிராவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தை, நோய் சீக்கிரமாகவே வந்த 62 பெண்களிடம் பிரிட்டனில் சோதித்தார்கள்; எஸ்எஃப்எல்டி-1 இறங்கவில்லை. 2021-இல் வெளியான பெரிய சோதனையில், ஆபத்து அதிகம் என்று கண்டறியப்பட்ட 1120 பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 35 முதல் 37 வாரங்களில் அதைத் தொடங்கிக் கொடுத்தார்கள்; மருந்து பெற்றவர்களில் 14.6 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 13.6 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. பாலம் இருந்திருந்தால் யாராவது ஒருவராவது கடந்திருக்க வேண்டாமா?

நுண்ணோக்கி:

அந்தச் சோதனைகள் தொடங்கியது நோய் வந்த பிறகு, அல்லது வரும் தறுவாயில். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேரூன்றும் வேலை முதல் ஐந்து மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது. வெள்ளம் வந்த பிறகு கரை கட்டியதற்கு மண்ணைக் குறை சொல்லக் கூடாது. எந்தக் காலத்தில் தொடங்குகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஸ்பிரினே சாட்சி. 2017-இல் வந்த ஆஸ்பிரே சோதனையில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி, இரவில் 150 மில்லிகிராம் வீதம் கொடுத்தார்கள். 37 வாரங்களுக்கு முன் வரும் முன்சூல்வலிப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதத்துக்கு இறங்கியது.

செவிலித்தாய்:

இருவரும் மன்னிக்க வேண்டும், கேள்வி கேட்ட தம்பியை இருவருமே மறந்துவிட்டீர்கள். நான் ஸ்காட்லாந்தில் கர்ப்பிணிகள் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணி செய்கிறேன். இங்கே முதல் சந்திப்பிலேயே ஒவ்வொரு கர்ப்பிணியையும் ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வோம். மூச்சைச் சில நொடிகள் அடக்கி, அட்டைக் குழாய் வழியே மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று திரையில் எண் வரும். 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு) அல்லது அதற்கு மேல் வந்தால் புகையை விட உதவும் பிரிவுக்கு அனுப்புவோம். நுண்ணோக்கி ஐயா மருந்தின் விதை என்று சொல்லும் அதே வாயு, தாயின் இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்வது. குழந்தையின் இரத்தத்தில் தாயினதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சேர்வது. ஊதி முடித்துத் திரையைப் பார்க்கும் தாயின் முகத்தை நீங்கள் இருவரும் ஒரு முறை பார்த்திருந்தால், "குறைவு" என்ற சொல்லை இன்னும் கவனமாக எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்று. ஸ்வீடனில் 1997-இலேயே இதைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். புகைப்பவர்களுக்கு முன்சூல்வலிப்பு குறைவாக வருகிறது. ஆனால் வந்துவிட்டால், குழந்தை இறப்பதும், நஞ்சுக்கொடி பிரிந்துவிடுவதும், குழந்தை வளராமல் தங்கிவிடுவதும் புகைக்காத நோயாளிகளைவிட அதிகம். வாட்ஸ்அப் செய்தியில் வெட்டப்பட்ட பாதி இதுதான். புகைத்தவர்களின் குழந்தைகள் சராசரியாக 190 கிராம் எடை குறைந்து பிறந்தன என்பது, நீங்கள் இருவரும் மாறி மாறி மேற்கோள் காட்டும் அதே 2003 ஆய்வில் இருக்கிறது. அதை இருவருமே எடுத்துச் சொல்லவில்லை.

தரவுக்கணக்கர்:

குட்டு சரியான இடத்தில் விழுந்தது, அம்மா. ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கேள்வி: புகையை விட வைப்பதற்கு, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை உதவுகிறதா? இங்கிலாந்தில் 1050 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில் பிரசவம் வரை விட்டிருந்தவர்கள், பட்டை ஒட்டியவர்களில் 9.4 சதவீதம், வெற்றுப் பட்டை ஒட்டியவர்களில் 7.6 சதவீதம். இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது.

செவிலித்தாய்:

அந்தச் சோதனையில் மிகப் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்கு மேல் பட்டையை ஒட்டவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் உடல் நிகோடினை வேகமாகக் கரைத்துவிடும். பட்டை போதாமல் மறுபடி சிகரெட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் கிளாஸ்கோவில் 612 பெண்களிடம் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். வழக்கமான உதவியோடு, விட்டுவிட்டதைச் சோதனையில் காட்டினால் மொத்தம் 400 பவுண்டு வரை கடைச் சீட்டுகள். விட்டவர்கள் 22.5 சதவீதம், சீட்டு இல்லாதவர்களில் 8.6 சதவீதம். முடிவு 2015-இல் வந்தது.

நுண்ணோக்கி:

காசு கொடுத்துத் தாய்மையைக் கற்பிப்பதா என்ற சங்கடம் எனக்கு இன்னும் இருக்கிறது.

செவிலித்தாய்:

சங்கடம் உங்களுக்கு, குழந்தைக்கு இல்லை. அந்தச் சீட்டில் பாதிப்பேர் வாங்குவது பால்மாவும் டயப்பரும்தான் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தம்பி வைகைக்கரையான், ஆஸ்பிரின் தொடங்கும் காலம் பதினாறு வாரத்துக்குள். உங்கள் வீட்டில் அது கடந்துவிட்டது, நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அழுத்தத்தை மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் பாருங்கள். விடாத தலைவலி, கண் மங்குதல், நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல் இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். எஸ்எஃப்எல்டி-1 இன்று ஆய்வுக்கூடப் பொருளாக மட்டும் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் அதற்கும் இன்னொரு புரதத்துக்கும் உள்ள விகிதத்தை இரத்தத்தில் பார்க்கிறார்கள். சந்தேகம் இருக்கும் பெண்ணுக்கு அது 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்று 99 சதவீதம் உறுதியாகச் சொல்லலாம். தேவையா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பிறகு அந்த மொட்டை மாடி. புகைத்துவிட்டு நேரே கீழே இறங்கி வருகிறவரின் சட்டையும் மூச்சும் உடன்தான் வருகின்றன.

தரவுக்கணக்கர்:

நுண்ணோக்கி, நம் வழக்கு முடியவில்லை. ஸ்னஸ் பயன்படுத்தும் பெண்களைக் கர்ப்பத்தின் எட்டாவது வாரத்திலிருந்தே பதிவு செய்து, சிதைந்த கர்ப்பங்களையும் விடாமல் எண்ணிய ஓர் ஆய்வைக் காட்டுங்கள். அதிலும் உங்கள் எண் நின்றால் நான் இறங்கி வருகிறேன்.

நுண்ணோக்கி:

தேடுகிறேன். அதற்குள் நீங்கள் எண்ணூறு பேரைச் சிறிய எண் என்று சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும்.

வைகைக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனோம், அழுத்தம் 128-க்கு 84. வீட்டில் யாராவது புகைப்பவர் உண்டா என்று அங்கிருந்த செவிலியர் கேட்டார். இதுவரை யாரும் எங்களிடம் அதைக் கேட்டதில்லை. என் மனைவி என்னைப் பார்த்தார், நான்தான் என்றேன். அட்டையின் ஓரத்தில் "கணவர்" என்று எழுதிக்கொண்டார்.