சின்ன அறையில் தச்சுப் பட்டறை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 10-க்கு 12 அடி அறையில் ஒரு தச்சுப் பட்டறை போடுகிறேன். இழைப்புளி, உளி, கை ரம்பம் எல்லாம் இருக்கின்றன. டேபிள் சா (மேசையில் பொருத்திய மின் ரம்பம்) இனிமேல்தான் வாங்க வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். 8 அடிப் பலகையை அறுக்க, பிளேடுக்கு முன்னும் பின்னும் 8 அடி வீதம் இடம் வேண்டுமே! வாசலுக்கு நேராக வைத்தால் பலகை வெளியே நீண்டுகொள்ளும் என்று நினைக்கிறேன், சரிதானா?

அப்புறம், தூசி. மரத்தூள் புற்றுநோய் வரை கொண்டுபோகும். நுண்தூள் பெருக்கிய பிறகும் காற்றில் மிதக்கும். வீட்டில் குழந்தை இருப்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தூசி உறிஞ்சியும் ரம்பமும் ஒரே நேரத்தில் ஓடுமே, தனித்தனி கரன்ட் லைன் இழுத்தீர்களா? சின்ன இடத்தில் பட்டறை வைத்திருப்பவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.